பிளானில் இல்லாத மாடியோடு ஒரு வீடு கைக்கு வந்தால்

தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்கினாலும் சரி, அப்பா கட்டிய வீடு பாகப்பிரிவினையில் வந்தாலும் சரி, அதில் ஏதோ ஒரு மூலை பிளானில் இல்லாமல் இருப்பது சர்வ சாதாரணம். தரைத்தளத்துக்கு மட்டும் அப்ரூவல் வாங்கிவிட்டு மேலே இரண்டு மாடி ஏற்றியிருப்பார்கள். பின்பக்கம் விட வேண்டிய காலி இடத்தில் சமையலறை நீண்டிருக்கும், கார் நிறுத்த விட்ட ஸ்டில்ட் தளத்துக்கு ஷட்டர் போட்டு மளிகைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள், சன்ஷேடு மெல்ல மெல்ல பால்கனியாகி அந்தப் பால்கனியும் ஒருநாள் அறையாகியிருக்கும். கட்டியவர் காலமாகியிருப்பார், அல்லது விற்றுவிட்டுப் போயிருப்பார். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் இப்போதைய உரிமையாளர்தான்.

இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், ஏற்கெனவே கையில் வந்துவிட்டது என்ன செய்வது என்று விழிப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வக்கீலையும் இன்ஜினியரையும் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களிடம் வெறுங்கையோடு போனால் அவர்கள் சொல்வதுதான் வேதவாக்கு என்று ஆகிவிடும், அதனால் அதற்கு முன் நீங்களே செய்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

வரி ரசீது அப்ரூவல் ஆகாது

"வீட்டு வரி கட்டுகிறோம், ஈபி கனெக்‌ஷன் இருக்கிறது, குடிநீர் வரி ரசீது இருக்கிறது, இதற்கு மேல் என்ன?" என்று விற்பவர் கேட்பார். புரோக்கரும் தலையாட்டுவார். உள்ளாட்சி வரி போடுவது அங்கே ஒரு கட்டடம் இருக்கிறது என்பதற்காக மட்டுமே, அது ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று வரிப் பிரிவு பார்ப்பதில்லை. பட்டா என்பது நிலத்தைப் பற்றியது, பத்திரம் என்பது சொத்து யாருடையது என்பதைப் பற்றியது. கட்டடத்தைப் பற்றிப் பேசும் தாள்கள் மூன்றுதான்: திட்ட அனுமதி, கட்டட அனுமதி, பணி நிறைவுச் சான்று.

திட்ட அனுமதியைச் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிஎம்டிஏவும் (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மற்ற இடங்களில் டிடிசிபியும் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தருகின்றன, சின்ன வீடுகளுக்கு அந்த அதிகாரம் உள்ளாட்சிகளுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கட்டட அனுமதி மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியிடமிருந்து வரும். பணி நிறைவுச் சான்று என்பது, பிளானில் காட்டியபடிதான் கட்டி முடித்திருக்கிறீர்கள் என்று அதிகாரிகள் வந்து பார்த்துத் தருவது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இது முக்கியமான தாள். சின்ன குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. முதலில் 12 மீட்டர் உயரத்துக்குள் மூன்று வீடுகள் அல்லது 750 சதுர மீட்டர் என்று இருந்தது, 2024இல் அதை எட்டு வீடுகள் வரை தளர்த்தினார்கள். இந்த விலக்கைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சான்று வாங்கத் தேவையில்லை என்பதற்கு, பிளானை மீறிக் கட்டலாம் என்று அர்த்தம் கிடையாது.

எந்த வகைச் சிக்கல் என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் "அப்ரூவல் இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு.

மனையே அனுமதியில்லாத லேஅவுட்டில் இருக்கலாம். விவசாய நிலத்தைத் துண்டு போட்டு, "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று போர்டு வைத்து விற்றது இந்த ரகம். லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்க ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் கிடையாது, அவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் எத்தனை அழகாக இருந்தாலும் அது செல்லாது. இங்கே 20.10.2016 என்ற தேதி முக்கியம். அந்த நாளுக்கு முன் மனையாகப் பதிவாகியிருந்தால் 2017 வரன்முறை விதிகளின் கீழ் மனையை முறைப்படுத்த வழி பிறந்தது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் படிக்கும் நேரத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மனை முறைப்படாமல் கட்டடத்துக்குப் பிளான் அப்ரூவல் கிடைக்காது, எனவே வரிசை மாறக்கூடாது: முதலில் மனை, அப்புறம்தான் வீடு.

மனை சரி, கட்டடத்துக்கு அனுமதியே வாங்கவில்லை என்பது இரண்டாவது ரகம். அனுமதி இருக்கிறது ஆனால் அதை மீறிக் கட்டியிருக்கிறார்கள் என்பது மூன்றாவது, நகரங்களில் பெரும்பாலும் இதுதான். நான்காவதாக, எல்லாம் பிளான்படிதான் இருக்கிறது, நிறைவுச் சான்று மட்டும் வாங்காமல் விட்டுவிட்டார்கள் என்று சில அடுக்குமாடிகளில் நடக்கும். இது நால்வரில் கடைசித் தம்பி, ஒப்பிட்டால் சாது.

இந்த நாலிலும் சேராத ஒன்று உண்டு. ஏரி, குளம், வாய்க்கால், புறம்போக்கு, பூங்காவுக்கு விட்ட ஓஎஸ்ஆர் இடம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதி ஆகியவற்றின் மேல் வீடு உட்கார்ந்திருந்தால் எந்த வரன்முறைத் திட்டமும் அதைத் தொடாது. அப்படி என்று தெரிந்தால் வாங்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். விலை பாதி என்றாலும் வேண்டாம்.

காகிதம் சேர்ப்பது

விற்பவர் கொடுக்கும் ஜெராக்ஸை நம்பி உட்காரக் கூடாது, அரசு மூலத்திலிருந்து நீங்களே எடுக்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு, புல எல்லை வரைபடம் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். அ-பதிவேட்டில் நிலம் என்ன வகை என்று போட்டிருப்பதை நிதானமாகப் படியுங்கள். மேலே சொன்ன ஏரி, வாய்க்கால் சமாசாரம் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான்.

பிளான் நகலில் அனுமதி எண், தேதி, அலுவலக முத்திரை, ஒவ்வொரு தளத்தின் பரப்பு என்று எல்லாம் இருக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் சரிபாருங்கள். போலி முத்திரை குத்திய பிளான் நடமாடுவது புதிய சேதி இல்லை. பிளானே காணவில்லை என்றால் உரிமையாளர் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சான்றிட்ட நகல் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். வாங்குபவர் நேரடியாகக் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்க இடமுண்டு, அதனால் விற்பவரையே கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் மழுப்பினால் அதுவே உங்களுக்குப் பதில்.

அளந்து பார்க்காமல் யாரிடமும் பேசாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அனுபவமுள்ள ஒரு பதிவு பெற்ற இன்ஜினியரையோ சர்வேயரையோ அழைத்து, வீடு இன்று எப்படி நிற்கிறதோ அப்படியே அளந்து வரையச் சொல்லுங்கள். இருக்க வேண்டியபடி அழகாக வரைந்து தருகிறேன் என்பவர் வேண்டாம்.

அளக்கும்போது கூடவே நில்லுங்கள். மனையின் நான்கு பக்கமும் தரையில் எவ்வளவு, பத்திரத்தில் எவ்வளவு, புல வரைபடத்தில் எவ்வளவு என்று மூன்று அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பத்திரம் அடியில் பேசும், பட்டா சதுர மீட்டரிலோ ஏர்ஸிலோ பேசும் (1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி, 1 சென்ட் 435.6 சதுர அடி). பத்திரத்தில் 30 அடி அகலம், டேப்பில் 29 அடிதான் வருகிறது என்றால் அந்த ஓர் அடி எங்கே போனது? பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவருக்குள்ளா, தெருவுக்கா? பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் ஒரு பகுதி அந்த அடிக்குள்ளேயே போயிருக்கும். வீட்டின் வெளிச்சுவரிலிருந்து எல்லை வரை எவ்வளவு இடம் என்பதை முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டிலும் தனித்தனியாகக் குறியுங்கள். மாடியில் இருக்கும் தகரக் கொட்டகை, படிக்கட்டுக் கூரை, மொட்டைமாடிக் கழிவறை ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

பிறகு தளப்பரப்புக் கணக்கு. மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதுதான் எஃப்எஸ்ஐ. உயரம் குறைந்த சாதாரணக் கட்டடங்களுக்கு அது முன்பு சென்னையில் 1.5 ஆக இருந்தது, 2019 விதிகளில் 2 ஆனது. 1,200 சதுர அடி மனையில் கீழே ஆயிரம், மேலே ஆயிரம் என்று 2,000 சதுர அடி கட்டியிருந்தால் பழைய கணக்கில் அனுமதி 1,800தான், 200 சதுர அடி மீறல். இன்றைய கணக்கில் 2,400 வரை போகலாம், பரப்பளவில் அந்த வீடு உள்ளே வந்துவிட்டது. பழைய மீறல் என்று பயந்துகொண்டிருக்கும் சில வீடுகள் இப்படி ஒரு விதி மாற்றத்தில் பாதிக் கிணறு தாண்டியிருக்கின்றன, உரிமையாளருக்கே தெரியாது. மீதிப் பாதி செட்பேக். விட வேண்டிய காலி இடம் இல்லையென்றால் எஃப்எஸ்ஐ எவ்வளவு ஏறினாலும் பயனில்லை.

அளவு முடிந்ததும் அனுமதி பெற்ற பிளானையும் இந்த வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வித்தியாசத்தைச் சிவப்பு மையில் குறிக்கச் சொல்லுங்கள். இனிமேல் வக்கீல், வங்கி, அலுவலகம் என்று யாரிடம் போனாலும் இந்தச் சிவப்புக் கோடுகளைப் பற்றித்தான் பேச்சு. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்பவர்களிடம் எந்தக் கோட்டை, எந்த விதியின் கீழ் என்று கேட்க முடியும்.

சட்டம் இருக்கட்டும், மாடி நிற்குமா?

அனுமதியில்லாத மாடியில் எனக்கு அதிகம் உறுத்துவது அபராதத்தைவிட அஸ்திவாரம்தான். தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரத்தில் பத்து வருடம் கழித்துக் கையில் பணம் வந்ததும் மேலே இரண்டு தளம் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். மொட்டைமாடியில் பில்லர் கம்பிகளை வானத்தைப் பார்த்து நீட்டிவிட்டிருப்பார்களே, அதைப் போய்க் கவனியுங்கள். கம்பியின் நுனியில் துரு இருப்பது பெரிய விஷயமில்லை. கான்கிரீட்டிலிருந்து அது வெளியே வரும் அடிப்பகுதியில் துரு உப்பி, தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறதா என்று பாருங்கள். அப்படி இளைத்துப்போன கம்பியோடு புதுக்கம்பியைக் கட்டி ஏற்கெனவே ஒரு மாடி எழுப்பியிருந்தால், பூச்சுக்குள் மறைந்திருக்கும் அந்த இணைப்புதான் வீட்டின் பலவீனமான இடம்.

பில்லர் போட்ட வீடா, சுவரே பாரம் தாங்கும் வீடா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சுவர் தாங்கும் பழைய வீட்டில் ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை இடித்திருந்தால், மேல்மாடி எதன்மேல் நிற்கிறது என்று இன்ஜினியர் விளக்கியாக வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், பீமும் பில்லரும் சேரும் இடத்தில் வெடிப்பு, மேல்தளக் கழிவறைக்கு நேர் கீழே சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது: இவையெல்லாம் வெள்ளையடித்து மறைக்கப்படும் விஷயங்கள், எனவே புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டை மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சந்தேகமிருந்தால் கான்கிரீட்டின் வலிமையைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் மாதிரியான சோதனை செய்யலாம், அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டி ஃபுட்டிங் (அஸ்திவாரத்தின் அடிப்பாகம்) எவ்வளவு அகலம் என்று பார்க்கலாம். கொஞ்சம் செலவாகும், பரவாயில்லை.

முறைப்படுத்த என்ன வழி

மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் எல்லோருக்கும் பொருந்தாது.

முதலாவது, இன்றைய விதிக்குள் வீடு வந்தால், இருக்கிற கட்டடம் என்று உண்மையைச் சொல்லி அனுமதிக்கு விண்ணப்பிப்பது. இரண்டாவது, வராத பகுதியை இடித்துவிட்டு மிச்சத்துக்கு விண்ணப்பிப்பது. கேட்கக் கசப்பாக இருந்தாலும், பின்பக்கம் நீட்டிய ஆஸ்பெஸ்டாஸ் சமையலறையையும் மொட்டைமாடிக் கொட்டகையையும் எடுத்துவிட்டால் முழு வீடும் விதிக்குள் வந்துவிடும் என்றால் அதுதான் மலிவான வழி. ஸ்டில்ட் தளக் கடையும் அப்படித்தான், ஷட்டரைக் கழற்றிவிட்டால் அது மறுபடி கார் நிறுத்தும் இடம்.

மூன்றாவது, அரசின் வரன்முறைத் திட்டம். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு 28.2.1999க்கு முன் முடிந்த கட்டடங்களுக்காக வந்தது. அந்தத் தேதியைத் தள்ளிக்கொண்டே போன திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ரத்து செய்தது. அப்புறம் வந்த 113-சி, 1.7.2007க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும். உங்கள் மாடி 2012இல் ஏறியது என்றால் இரண்டும் உங்களுக்கு இல்லை. "அடுத்த தேர்தலுக்குள் இன்னொன்று வரும் சார்" என்ற நம்பிக்கையில் கோடிக்கணக்கில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டிய வருடத்துக்கு ஆதாரமாகப் பழைய வரி விதிப்பு ஆணை, ஈபி இணைப்புத் தேதி ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். வரி ரசீது அப்ரூவல் ஆகாது என்றேனே, வயதைக் காட்ட அது உதவும்.

ஒரு குறுக்கு வழியை இடைத்தரகர்கள் இப்போது அதிகம் சொல்கிறார்கள். 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது: 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடி வரை கட்ட, இணையத்தில் விண்ணப்பித்த உடனே அனுமதி, முன்கூட்டியே இடத்தை வந்து பார்ப்பதும் கிடையாது. "காலி மனை என்று போட்டு எடுத்துவிடலாம்" என்பார்கள். அந்தத் திட்டம் புதிதாகக் கட்டப்போகிறவர்களுக்கு. கையெழுத்துப் போட்டு உறுதிமொழி தருவது நீங்கள், தரகர் அல்ல. ஏற்கெனவே வரியும் மின் இணைப்பும் உள்ள கதவு எண்ணில் காலி மனை என்று பொய் சொல்லி வாங்கிய அனுமதி எந்த நாளும் ரத்தாகலாம், கூடவே பொய்ச் சான்று கொடுத்த வழக்கும் சேரும்.

நோட்டீஸ் வந்தால்

அனேகமாக அது பக்கத்து வீட்டுப் புகாரில்தான் தொடங்கியிருக்கும், அதனால் அவரோடு வாய்க்கால் தகராறு எதுவும் பாக்கியிருந்தால் முதலில் அதை முடியுங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை உறையோடு பாதுகாத்து வையுங்கள். அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 56 என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்வது, 57 என்றால் வேலையை நிறுத்தச் சொல்வது, பூட்டி முத்திரையிடுவது வரை போகும். இவற்றுக்கு எதிராகப் பிரிவு 80-ஏ கீழ் அரசிடம் மனு செய்யலாம், அதற்குக் கெடு 30 நாள்தான். வாய்மொழியாக யாரிடமும் எதையும் பேசி முடிக்காதீர்கள், பதிலை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முன்னறிவிப்பு தந்து 15 நாளாவது அவகாசம் விடாமல் வீட்டை இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று வழிகாட்டியிருக்கிறது. சாலை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் இருப்பவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஈபி, கடன், விற்பனை

நிறைவுச் சான்று தேவைப்படும் கட்டடத்தில் அது இல்லாமல் புது மின் இணைப்பு கேட்டால் நிறுத்திவிடுவார்கள். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு பில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது. அடுக்குமாடியில் வீடு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்: மீட்டர் அட்டை யார் பெயரில், எந்தக் கட்டண வகையில் இருக்கிறது? அதோடு, மூன்று மாடிக்கு அனுமதி வாங்கிய இடத்தில் நான்காவது மாடி வீட்டை விற்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த வீட்டுக்காகப் பிரித்துக் கொடுத்த அடிமனைப் பங்கு மற்றவர்களுடையதிலிருந்து கழிந்தது.

கடன் விஷயத்தில் வங்கியின் வேல்யூவர் பிளானோடு ஒத்துப் பார்ப்பார், மீறிய மாடிக்கு மதிப்புப் போட மாட்டார், அல்லது மொத்தமாகவே மறுப்பார்கள். 17.12.2024 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின்மேல் கடன் தர வேண்டும் என்றும், வருடக்கணக்காக அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதால் மீறல் முறையாகிவிடாது என்றும் சொல்லிவிட்டது. வங்கி தராததை நிதி நிறுவனம் கூடுதல் வட்டிக்குத் தரும். அந்த வட்டியையும் வீட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பத்திரத்தில் கட்டடத்தை மறைத்துக் காலி மனை என்று எழுதி முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். 7 சதவீத முத்திரை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று கணக்குப் போட்டால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பிறகு குறைமதிப்பு நோட்டீஸ் வந்தால் கட்டுவது வாங்கியவர், தவிர அந்த வீடு உங்களுக்கு விற்கப்பட்டதற்கே எழுத்தில் ஆதாரம் இருக்காது. அனுமதி எண், அனுமதித்த பரப்பு, இப்போது இருக்கும் பரப்பு மூன்றையும் பத்திரத்தில் எழுதவையுங்கள், மீறலுக்காகப் பின்னால் ஏதாவது வந்தால் விற்பவர் ஈடு செய்வார் என்ற ஷரத்தோடு.

விலை பேசும்போது மேல்மாடி வாடகையைக் காட்டித்தான் விற்பவர் தொகை சொல்வார். அந்த மாடியின் மதிப்பை சைபர் என்று வைத்து, அதை இடித்து அகற்ற ஆகும் செலவையும் நிலத்தின் விலையிலிருந்து கழித்துவிட்டு, அங்கிருந்து உங்கள் பேரத்தை ஆரம்பியுங்கள்.